பொய் ரோஜாவால் வந்த மெய் இழுப்பு

1886ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான் மெக்கென்சி என்ற மருத்துவரிடம் ஒரு பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்கு ரோஜாப்பூ ஆகாது. பூ அருகில் வந்தால் மூக்கு ஒழுகும், மூச்சு இழுக்கும். அசல் பூவையே தோற்கடிக்கும் செயற்கை ரோஜா ஒன்றை மெக்கென்சி மறைத்து வைத்திருந்து, பேச்சுக்கு நடுவே எடுத்துக் காட்டினார். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூக்கு அடைத்தது, தொண்டை அரித்தது, மார்பு இறுகியது. பூவில் மகரந்தம் ஒரு பொடிகூட இல்லை.

இந்தக் கதையைக் கேட்ட உடனே "அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதான்" என்று சொல்லத் தோன்றும். பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மூக்கு நிஜமாகவே அடைத்திருந்தது, மார்பு நிஜமாகவே இறுகியிருந்தது. பொய்யான பூ, மெய்யான இழுப்பு. தமிழில் மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. இரண்டு பொருளையும் சேர்த்தே படிக்கலாம்.

என் பெரியம்மாவுக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உண்டு. நெஞ்சு விசில் அடிக்கும் இரவுகளில் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இன்ஹேலர் எப்போதும் முந்தானை முடிச்சில் இருக்கும். "அவளுக்குக் கவலைப்பட்டால் வந்துவிடும்" என்பது குடும்பத்தின் தீர்ப்பு. "இது நுரையீரல் வியாதி, மனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பது ஒரு மருத்துவரின் தீர்ப்பு. இரண்டுமே பாதி சரி. குடும்பம் சொன்னதில் ஒரு குத்தல் இருந்தது, அவர் தானாக வரவழைத்துக்கொள்கிறார் என்பதுபோல. மருத்துவர் சொன்னதில் ஒரு கதவு சாத்தப்பட்டது. அதன்பிறகு தம் பயத்தைப் பற்றிப் பெரியம்மா எந்த மருத்துவரிடமும் பேசவில்லை.

மருத்துவ உலகமும் இதே இரண்டு ஓரங்களுக்கும் போய் வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிகாகோவில் இருந்த உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் மனத்தால் உண்டாகின்றன என்று ஏழு நோய்களைப் பட்டியலிட்டார். ஆஸ்துமா அதில் ஒன்று. தாயை நினைத்து எழும் அழுகையை அடக்கிக்கொள்வதே இழுப்பாக வெளிப்படுகிறது என்பது அந்தச் சிந்தனைப் பிரிவின் விளக்கம். கேட்க அழகாக இருந்தது. தாய்மார்கள்மீது பழியாக விழுந்தது. டென்வர் நகரத்தில் ஆஸ்துமாக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வைத்து வைத்தியம் செய்தார்கள். குழந்தைகள் பலர் தேறியதும் உண்மை. ஆனால் அவர்கள் பெற்றோரை மட்டுமா பிரிந்தார்கள்? வீட்டுத் தூசியையும் பூனை நாயையும் சேர்த்தே பிரிந்தார்கள்.

பிறகு, ஆஸ்துமாவின் அடிப்படை மூச்சுக்குழாயின் நாட்பட்ட அழற்சி, அதாவது உட்சுவர் புண்பட்டு வீங்கியிருப்பது, என்பது தெளிவானது. 1970களில் மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் வந்தன, உயிர்களைக் காத்தன. ஊசல் மறுபக்கம் ஓடியது: எல்லாம் நுரையீரல், மனத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். இப்போதுதான் அது நடுவே வரத் தொடங்கியிருக்கிறது.

எண்கள் கொஞ்சம் போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் ஆஸ்துமா உள்ளவர்கள் 26 கோடிக்கும் மேல். பதினேழு நாடுகளில் எடுத்த ஒரு பெரிய ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்ற நோய்களும் மற்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் காணப்பட்டன. தீராத நோய் இருந்தால் யாருக்கும் மனம் சோரத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதுவும் ஒரு காரணம். ஆனால் உடலுக்குள்ளேயே வேறு வழிகளும் இருக்கின்றன.

குழாய் எப்படிச் சுருங்குகிறது

சிறு வயதில் பப்பாளி இலைக்காம்பை ஒடித்து ஊதியவர்களுக்கு மூச்சுக்குழாயைப் புரியவைப்பது எளிது. காம்பின் உட்சுவர் தடித்துவிட்டது, உள்ளே பிசின் கட்டியிருக்கிறது, வெளியிலிருந்து யாரோ விரலால் நசுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிப்பது அழற்சி, பிசின் சளி, நசுக்கும் விரல் குழாயைச் சுற்றியிருக்கும் தசை. ஆஸ்துமாவில் மூன்றும் சேர்ந்து நடக்கின்றன. மூச்சு உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் அதிகம் கஷ்டப்படும். விசில் சத்தமும் பெரும்பாலும் மூச்சை விடும்போதுதான் கேட்கும்.

அந்த விரலை இயக்குவது யார் என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. பதில், வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் தொடங்கி கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று ஊர்சுற்றும் நரம்பு அது. அதன் முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்தால் மூச்சுக்குழாய்த் தசை சுருங்கும். கடுமையான இழுப்போடு போனால் நெபுலைசரில் இப்ராட்ரோபியம் என்ற மருந்தையும் கலந்து வைக்கிறார்களே, அது தடுப்பது இந்தச் செய்தியைத்தான்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அட்ரினலின் மூச்சுக்குழாயை விரிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நாய் துரத்தினால் ஓட வேண்டும், ஓடக் காற்று வேண்டும். அப்படியானால் பயம் ஆஸ்துமாவுக்கு நல்லதல்லவா?

விடை கம்பி இணைப்பில் இருக்கிறது. குழாயைச் சுருக்க வேகஸ் நரம்பு நேராகத் தசைக்கே வருகிறது. விரிக்கும் பக்கத்துக்கு, அதாவது பரிவு நரம்புகளுக்கு, அந்தத் தசையோடு நேரடித் தொடர்பு மனிதர்களிடம் மிகக் குறைவு. இரத்தத்தில் மிதந்து வரும் அட்ரினலினையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஓடித் தப்பிக்கக்கூடிய பயத்தில் அட்ரினலின் பொங்குகிறது. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் அழுத்தி உட்காரவைக்கும் துக்கத்திலும் கையறு நிலையிலும் வேகஸின் கை ஓங்கக்கூடும். எல்லாருக்குமே உணர்ச்சி வசப்படும்போது மூச்சுக்குழாய் சிறிது சுருங்குகிறது. மற்றவர்களுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது. தொட்டாற்சிணுங்கியாக இருக்கும் ஆஸ்துமாத் தசைக்கு அந்தச் சிறு தொடுதலே போதும்.

மெக்கென்சியின் ரோஜாவுக்கு 1968இல் ஓர் ஒழுங்கான மறுபதிப்பு வந்தது. லுபரெல்லோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஆஸ்துமா உள்ள 40 பேரிடம், இது உங்களுக்கு ஒவ்வாத பொருள் என்று சொல்லி வெறும் உப்புநீர் ஆவியை இழுக்கச் செய்தார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய் இறுகியது. அவர்களில் 12 பேருக்கு முழு இழுப்பே வந்தது. மூச்சுவிடும் சிரமத்தை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்ட கணக்கல்ல இது, கருவி வைத்து அளந்தது. அதே குழு அடுத்த ஆண்டு, வேகஸ் செய்தியைத் தடுக்கும் அட்ரோபினை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தபோது அந்த இறுக்கம் வரவில்லை. ஒரு நம்பிக்கை, ஒரு நரம்பு, ஒரு வேதிப்பொருள், ஒரு தசை என்று சங்கிலி முழுதும் கையில் கிடைத்துவிட்டது. இதைப் பிரமை என்று சொல்வதற்கு எங்கே இடம் இருக்கிறது?

மூச்சு முட்டினால் மூளை ஏன் அலறுகிறது

இனி எதிர்த்திசை. மூச்சுத்திணறல் பயத்தைத் தருவது அனுபவத்தில் தெரிந்ததுதான். ஆனால் இந்தப் பயம் எவ்வளவு அடியில் இருக்கிறது என்பதைக் காட்டியவர் ஒரு பெண்மணி. மருத்துவ நூல்களில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படுபவர். ஓர் அரிய மரபணு நோயால், மூளையில் பயத்தின் மையம் எனப்படும் அமிக்டலா அவருக்கு இரு பக்கமும் அழிந்துபோயிருந்தது. பாம்புக்குப் பயமில்லை, பேய்ப்படத்துக்குப் பயமில்லை, ஆயுதத்தால் மிரட்டப்பட்டபோதும் பயமில்லை. 2013இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் செய்தார்கள். அவர் பீதியில் துடித்து உதவி கேட்டு அலறினார். அதே பாதிப்புள்ள வேறு இருவருக்கும் அப்படியே நடந்தது. பயத்தின் மையம் இல்லாதவரையும் மூச்சு பயமுறுத்திவிடும்.

மூச்சடைப்பு அபாயத்தைக் கண்காணிக்கும் அலாரம் சிலரிடம் மிகச் சிறு காரணத்துக்கும் அடித்துவிடுகிறது, அதுவே பீதித் தாக்குதல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் 1993இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அது முழுவதும் சரியா என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் அடிக்கடி நிஜமாகவே மூச்சடைக்கும் ஒருவரிடம் அந்த அலாரம் கூர்மையாகிவிடுவதில் வியப்பு என்ன?

ஒரு நுணுக்கம். சாதாரண இழுப்பின் தொடக்கத்தில் இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதில்லை. நோயாளி வேகமாக மூச்சு வாங்குவதால் குறையவே செய்கிறது. அது கூடத் தொடங்கினால் நோயாளி களைத்துவிட்டார், அபாயம் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இழுப்பு நேரத்துப் பயத்தை அந்த வாயுவின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. மார்புத் தசைகள் படும் பாடும் நுரையீரலின் உணர்விகள் அனுப்பும் செய்திகளும் மூளையின் இன்சுலா என்ற பகுதிக்குப் போய்ச் சேர்கின்றன. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படித்துச் சொல்லும் பகுதி அது. மூச்சுத்திணறலின் வேதனையும் அங்கே பதிவாகிறது.

2005இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், லேசான ஆஸ்துமா உள்ள ஆறு பேருக்கு ஒவ்வாப் பொருளைக் கொடுத்துவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். திரையில் ஆஸ்துமாவோடு தொடர்புள்ள சொற்கள் வந்தபோது இன்சுலாவும் அதன் கூட்டாளியான முன்புற சிங்குலேட் பகுதியும் எவ்வளவு விழித்துக்கொண்டன என்பதற்கும், மூச்சுக்குழாய் அழற்சிக்கும் தொடர்பு இருந்தது. ஆறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

பயந்தவர் வேகமாக, வாய்வழியே மூச்சு விடுகிறார். மூக்கு சூடேற்றி ஈரப்படுத்தி அனுப்ப வேண்டிய காற்று குளிர்ந்து காய்ந்தபடியே உள்ளே போகிறது. கரியமில வாயு குறைவதும் குழாய்களைச் சுருக்கக்கூடியது. இழுப்பு கூடுகிறது, பயம் கூடுகிறது. செக்கு மாடு சுற்றத் தொடங்கிவிட்டது.

சோர்வு எங்கிருந்து வருகிறது

பதற்றத்தின் கதை நரம்பில் ஓடுகிறது என்றால் மனச்சோர்வின் கதை பெரிதும் இரத்தத்தில் ஓடுகிறது. காய்ச்சல் வந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோடும் பேசப் பிடிக்காது, ருசி இருக்காது, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கத் தோன்றும். இது கிருமியின் வேலையல்ல. கிருமியோடு சண்டையிடும் நம் உடல் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற தூதுப் புரதங்கள் மூளைக்குச் சொல்லும் கட்டளை: படு, சக்தியைச் செலவழிக்காதே. நாலு நாள் காய்ச்சலுக்கு இது நல்ல ஏற்பாடு. மாதக்கணக்கில் அழற்சி தணியாமல் இருந்தால், அந்தக் கட்டளையும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கலாம்.

இதற்கு வலுவான சான்று வேறொரு நோயிலிருந்து கிடைத்தது. ஹெபடைடிஸ் சி தொற்றுக்குப் பல ஆண்டுகள் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற சைட்டோகைனையே ஊசியாகப் போட்டுவந்தார்கள். அதற்குமுன் மனநலக் குறை இல்லாதவர்கள் உட்படப் பலருக்கு அந்தச் சிகிச்சையின்போது முழு அளவிலான மனச்சோர்வு வந்தது. மனத்தைத் தூக்கி நிறுத்தும் செரட்டோனின் உண்டாக டிரிப்டோஃபேன் என்ற மூலப்பொருள் வேண்டும். அழற்சி அந்தச் சரக்கை வேறு பாதையில் திருப்பிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

ஆஸ்துமாவில் முன்னணியில் நிற்பவை இன்டர்லூகின் 4, 5, 13 ஆகிய சைட்டோகைன்கள். அவை பெரும்பாலும் மூச்சுக்குழாய் வட்டாரத்திலேயே வேலை செய்கின்றன. உடல் பருமனோடு சேர்ந்த ஆஸ்துமாவில், மனச்சோர்வு ஆய்வுகளில் அடிக்கடி அகப்படும் இன்டர்லூகின் 6 இரத்தத்திலேயே கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே எல்லா ஆஸ்துமாவும் ஒரே அளவில் மூளையைத் தொடுவதில்லை. மரபணுவிலும் ஒரு பகுதி பொதுவாக இருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் மனச்சோர்வுக்கும் இடம் கொடுக்கும் மரபணு வேறுபாடுகளில் சில ஒன்றோடொன்று பொருந்துவதைப் பெருந்தொகை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

நாட்பட்ட மன அழுத்தம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. விஸ்கான்சினில், லேசான ஆஸ்துமா உள்ள 20 கல்லூரி மாணவர்களுக்குப் பரீட்சை இல்லாத காலத்தில் ஒருமுறையும் பரீட்சை நேரத்தில் ஒருமுறையும் ஒவ்வாப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பொருள் அதேதான், மாணவர்களும் அவர்களேதான். பரீட்சை நேரத்தில் சளியில் இயோசினோஃபில் என்ற அழற்சி அணுக்கள் கூடுதலாக இருந்தன.

அழற்சிக்கு உடல் வைத்திருக்கும் பிரேக் கார்டிசால் என்ற ஹார்மோன். பிரேக்கை எந்நேரமும் மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டினால் கட்டை தேய்ந்துவிடும். அழுத்தம் ஓயாதபோது செல்கள் கார்டிசாலின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. அப்போது கனடாவில் பணியாற்றிய கிரெகரி மில்லரும் எடித் சென்னும் 2006இல் வெளியிட்ட ஆய்வு என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. வீட்டில் நாட்பட்ட கஷ்டமும் அண்மையில் ஒரு பெரிய அதிர்ச்சியும் சேர்ந்து நேர்ந்த ஆஸ்துமாக் குழந்தைகளின் வெள்ளணுக்களில், கார்டிசாலுக்கான ஏற்பியை, அதாவது அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தை, உண்டாக்கும் மரபணுச் செய்தி 5.5 மடங்கு குறைந்திருந்தது. பீட்டா-2 என்ற ஏற்பிக்கான செய்தி 9.5 மடங்கு குறைந்திருந்தது. அவசரத்துக்கு இழுக்கும் சால்பியூட்டமால் வேலை செய்வது அந்த பீட்டா-2 ஏற்பியின் வழியாக. தினசரி இழுக்கும் ஸ்டீராய்டு வேலை செய்வது கார்டிசாலின் ஏற்பி வழியாக. அளந்தது இரத்த அணுக்களில்தான், மூச்சுக்குழாயில் அல்ல. என்றாலும், "ஒழுங்காக மருந்து எடுத்துக்கொள்கிறேன், கேட்கவில்லையே" என்று சொல்லும் நோயாளியைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்குமுன் ஒருமுறை நின்று யோசிக்கலாம்.

கார்டிசால் நள்ளிரவையொட்டி மிகவும் தாழ்ந்திருக்கும். இரவில் வேகஸின் ஆட்சி. அதனால்தான் இழுப்பு அதிகாலை மூன்று, நான்கு மணிக்குத் தட்டி எழுப்புகிறது. தூக்கம் கெட்டால் மனம் எப்படி இருக்கும் என்பதை விளக்க எந்த ஆய்வும் தேவையில்லை.

மருந்துப் பெட்டிக்குள் சில சிக்கல்கள்

சால்பியூட்டமால் இழுத்த சில நிமிடங்களில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மருந்தின் இயல்பான விளைவு அது. பதற்ற நோய் உள்ளவர் அதையே அபாயத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு மறுபடியும் இழுப்பார். மாத்திரையாகக் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கலாம், எரிச்சலையோ அளவுக்கு மீறிய உற்சாகத்தையோ சோர்வையோ தரலாம். மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. அதைக் கண்டு பயந்து நிறுத்துவதுதான் ஆபத்து. ஆஸ்துமாவுக்குத் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை மனநிலையையும் கனவுகளையும் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மீது ஒட்டியது. குழந்தை திடீரென்று எரிந்து விழுந்தாலோ கெட்ட கனவு கண்டு அலறினாலோ மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது புரோப்ரனலால். மேடைப் பயம், படபடப்பு, ஒற்றைத் தலைவலி என்று பலவற்றுக்கும் எழுதப்படும் மாத்திரை. அது பீட்டா ஏற்பிகளை அடைக்கிறது, நுரையீரலில் இருப்பவற்றையும் சேர்த்து. ஆஸ்துமா உள்ளவருக்கு உயிராபத்தான இழுப்பை அது வரவழைத்துவிடும். படபடப்புக்காக எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "எனக்கு இழுப்பு உண்டு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

வந்திருப்பது இழுப்பா, பீதியா? விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் மதமதத்தால் பீதியின் பக்கம் சாயலாம்; இருமலும் விசிலும் இருந்தால் இழுப்பின் பக்கம். உறுதியாகச் சொல்வது பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய பிளாஸ்டிக் குழல். நன்றாக இருக்கும் நாளில் ஊதி எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், மூச்சு முட்டும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் விழுந்திருந்தால் இழுப்பு. சந்தேகம் தீராவிட்டால் இழுப்பு என்றே எடுத்துக்கொண்டு இன்ஹேலரைப் பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆராய்ச்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனத்துக்குச் செய்யும் வைத்தியம் மூச்சுக்கும் உதவுமா? டெக்சாஸில் ஷெர்வுட் பிரவுன் குழுவினர் மனச்சோர்வும் ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தவர்களுக்கு சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், ஸ்டீராய்டு மாத்திரைக்கான தேவை குறைந்தது. மற்ற அளவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. பேச்சு வழி உளவியல் சிகிச்சை பீதியின் சுற்றை உடைக்க உதவுகிறது. மூச்சுப் பயிற்சி வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்துகிறது, அழற்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. பிராணாயாமம் செய்கிறேன் என்று இன்ஹேலரைப் பரண்மேல் போட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்வதை யாரும் தடுக்கவில்லை.

மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு சிறு சோதனை இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எதைச் செய்யவும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இரண்டையும் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரியம்மா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியது, பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்தியது, பிறகு வாசலில் கோலம் போடுவதையும் விட்டது எல்லாவற்றையும் நாங்கள் தூசிக்கும் புகைக்கும் பயந்துதான் என்று நினைத்திருந்தோம்.